உப்பில்லாக் குழம்பும் கம்மாய்சுத்தியும்

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, கேலி என்ற ஒன்று பூமிக்கு இன்னும் வந்து சேரவில்லை. யாருக்கும் பட்டப்பெயர் கிடையாது. வயிறு பெருத்தவரை ஒருவரும் பானை என்று சொன்னதில்லை. காது கேட்காதவரைச் சுவர் என்று சொன்னதில்லை. தெருநாய் குறுக்கே படுத்திருந்தால்கூட, "கொஞ்சம் ஒதுங்கிக்கிறீகளா?" என்று கேட்டுத்தான் தாண்டிப் போனார்கள். நாயும், "அதுக்கென்ன, போங்க" என்று எழுந்து இடம் விட்டது.

அப்போது ஏரி மாதிரி பெரிய கண்மாய் ஒன்று இருந்தது, ஊர்ப்பேச்சில் கம்மாய். அதைச் சுற்றி மூன்று ஊர்கள். கிழக்கே செங்குவளை, மேற்கே பொன்னிலந்தை, வடக்கே ஓர் ஊர். அந்த வடக்கத்தி ஊரின் பெயரை நான் சொல்ல முடியாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

மூன்றும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். சம்பந்தி ஊரைப் பற்றி வாய் தவறியும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். குறை கண்ணில் பட்டாலும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அதுதான் மரியாதை என்று இருந்தார்கள்.

செங்குவளையில் இருளாயி என்று ஒருத்தி இருந்தாள். புருசன் இல்லை. ஒரே மகள் செம்பவளம். அவளைப் பொன்னிலந்தையில் உடையம்மை என்பவளின் மகனுக்குக் கொடுத்திருந்தாள். முந்தின வருசம் தை மாசத்தில் கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். பொழுது விடியும் முன்பே பெண்வீட்டார் கிளம்பிவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அப்படி ஒரு பனி. கண்மாய்க்கரை வழியாக மேற்கே போக வேண்டும். விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனவள் இருளாயிதான். நடந்தார்கள், நடந்தார்கள். பொன்னிலந்தையை எப்போதோ தாண்டிவிட்டது ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு வீட்டு வாசல் தெரிந்தது. இருளாயி சீர்த்தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு, "மதினி, நாங்க வந்துட்டோம்" என்றாள்.

உள்ளேயிருந்து, "வாங்க, வாங்க" என்று பதில் வந்தது. சொன்னது அவளுடைய ஆடு. கண்மாயை முழுசாகச் சுற்றி, அவள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றிருந்தார்கள்.

மறுபடி நடந்து பொன்னிலந்தைக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. முகூர்த்தம் நூலிழையில் தப்பியது. கூட வந்தவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நல்ல நேரத்துலதான் வந்தீக" என்று சிரித்த முகமாகக் கூட்டிப்போனார்கள்.

காத்திருந்த பதற்றத்தில் அங்கே சமையல்கட்டில் ஒரு காரியம் தப்பிப்போனது. குழம்பில் ஒருவரும் உப்புப் போடவில்லை. பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் முதல் வாயிலேயே கண்டுகொண்டார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "குழம்பு அமிர்தமாட்டம் இருக்கு" என்று சொல்லி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். வடக்கத்தி ஊர்க்காரர்கள் மூன்றாம் தடவையும் வாங்கினார்கள். அவ்வளவு நல்ல மனுசர்கள்.

இப்படியே காலம் போயிருக்கும்.

கல்யாணம் முடிந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது, சித்திரை மாசம். செம்பவளத்துக்கு மாசம் நிறைந்திருந்தது. கண்மாயில் தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. உச்சி வெயிலில் இருளாயி கரையில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். காற்று நின்றுவிட்ட மாதிரி இருந்தது. பேசிக்கொண்டே திரிகிற தவிட்டுக்குருவிகள்கூட வாயை மூடிக்கொண்டன.

நிமிர்ந்து பார்த்தால், பக்கத்தில் ஒரு பொம்பளை நிற்கிறாள்.

வந்த சத்தமே கேட்கவில்லை. களிமண் நிறத்தில் சேலை. அந்த வெயிலிலும் முந்தானை ஈரமாக இருந்தது. இடுப்பில் ஒரு மண்குடம், வாயில் பூவரச இலை மூடியிருந்தது. அவள் காலடியில் நிழல் இல்லை. ஆனால் உச்சிப்பொழுதில் யார் காலடியில்தான் நிழல் இருக்கும்? இருளாயிக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

"தாயி, ஒரு சேதி கேக்கணும்" என்றாள் வந்தவள். குரல் அவ்வளவு இதமாக இருந்தது. "அந்தா வடக்கே தெரியுதே, அது எந்த ஊரு? யாரு இருக்கா அங்க?"

கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க அந்தக் காலத்து மனுசருக்குத் தெரியாது. இருளாயி ஊரின் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மனசு வரவில்லை. "தங்கமான மனுசங்க தாயி. தண்ணி கேட்டா மோரு குடுப்பாக. ஒரு சொல்லு கடிஞ்சு பேச மாட்டாக. அப்படி ஒரு ஊரு எங்கயும் பாக்க முடியாது."

அவள் சொல்லச் சொல்ல, வந்தவள் இலையை மெல்ல எடுத்து, குடத்தின் வாயை இருளாயியின் வாய்ப்பக்கம் சாய்த்துப் பிடித்தாள், ஊற்றில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. ரொம்ப நாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை வந்தது. பிறகு இலையை மூடிக்கொண்டாள்.

"நல்லாச் சொன்ன" என்றாள். "நாளைக்கு உச்சியில வருவேன். அந்த மேக்கால ஊரையும் விசாரிக்கணும்."

வடக்குப் பார்த்து நடந்து போனாள். அவள் போன பிறகுதான் இருளாயிக்கு ஒன்று தெரிந்தது. இப்போது சொன்ன பெயரை மறுபடி சொல்லிப் பார்த்தாள், வரவில்லை. பல் விழுந்த இடத்தை நாக்குத் தேடுமே, அந்த மாதிரி வாய்க்குள் ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் வடக்கத்தி ஊரிலிருந்து ஆள் அரவமே கேட்கவில்லை. செங்குவளையிலிருந்து ஆட்கள் என்ன ஏது என்று பார்க்கப் போனார்கள். இருளாயியும் போனாள். உலையில் சோறு கொதித்துக் குழைந்துகொண்டிருந்தது. கிணற்றில் பாதி இறங்கிய வாளி அப்படியே அந்தரத்தில் நின்றது. கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு வீட்டில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இருளாயி ஓடிப்போய் விலக்கிப் பார்த்தாள். துணி சூடாக இருந்தது. பிள்ளை இல்லை. மாடு கன்று எல்லாம் கட்டுத்தறியில் நின்றன. "எங்க போனாக?" என்று கேட்டதற்கு, "யாரு?" என்று கேட்டன அவை. அந்த மாடுகளுக்கு யாரையும் நினைவில்லை.

ஊர் எல்லையில் ஒரு பூவரச இலை கிடந்தது. ஈரமாக.

திரும்பி வரும் வழியில் ஒருவர், "இந்த ஊருக்கு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டார். பெயர் வரவில்லை. இன்னொருவர் முயன்றார். அவருக்கும் வரவில்லை.

இருளாயிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. மேற்கே இருக்கிற ஊரில் மகள் இருக்கிறாள். மகள் வயிற்றில் ஓர் உயிர் இருக்கிறது. "ஆத்தா, நான் சொன்ன வார்த்தையால ஒரு ஊரு போயிருச்சு. இன்னொரு ஊரு போகாம ஒரு வழி காட்டு" என்று அடுப்புக்கு முன்னால் கும்பிட்டு உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் கரைக்கு ஓடினாள். கரையோரப் பொட்டலில் நீளக் காலும் வெள்ளை வயிறுமாக ஒரு குருவி இருந்தது. அந்தக் காலத்தில் அதற்குக் காவல்குருவி என்று பெயர். வழிப்போக்கருக்கு எது எந்த ஊர் என்று சொல்வது அதன் வேலை. பொய்யே சொல்லாது. அதில் அதற்குப் பெருமையும் உண்டு.

"குருவி, நேத்து ஒரு பொம்பள குடத்தோட வந்தாளே, பாத்தீகளா?"

"பார்த்தேன். பெயரைக் குடத்தில் பிடித்தாள். பெயர் போன வழியே ஆட்களும் போனார்கள், ஒருவர் பின்னால் ஒருவராக. அந்தக் குடத்துக்குள் எவ்வளவு இடம் என்று நினைக்கிறாய்? காது வைத்தால் கூட்டத்து இரைச்சல் கேட்கும்."

"இன்னைக்கு வந்து பொன்னிலந்தையைக் கேப்பாளாம். நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீக."

"நீ சொல்லாவிட்டால் ஆட்டைக் கேட்பாள். ஆடு சொல்லாவிட்டால் என்னைக் கேட்பாள். கேட்டால் சொல்வேன். எனக்குப் பொய் வராது."

இருளாயி கையைப் பிசைந்துகொண்டு ஓர் அடி முன்னால் வைத்தாள். குருவி றெக்கையை அடித்துக்கொண்டு கத்தியது. "தள்ளிப் போ, தள்ளிப் போ. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் கல்லு."

குனிந்து பார்த்தாள். பொட்டலில் கூழாங்கற்கள். உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அதில் சிலது கல் இல்லை. புள்ளி போட்ட முட்டைகள்.

"இது முட்டையில்ல?"

"கல்லு."

"உங்களுக்குப் பொய் வராதுன்னீகளே."

குருவி அக்கம்பக்கம் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது. "இது பொய்யில் சேராது. பெற்றவள் வைத்த பெயர். பாம்பு வந்து கேட்டாலும் கல் என்பேன், கீரி வந்து கேட்டாலும் கல் என்பேன். தங்கம் என்று சொன்னால் விட்டுவைப்பார்களா? கல்லை யார் எடுப்பார்கள்?"

இருளாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க ஊருகளுக்கும் அப்படி ஒரு பேரு வச்சுக் குடுங்க."

"நான் வைத்தால் ஒட்டாது. நான் உனக்கு என்ன உறவு? உறவுக்காரர்கள்தான் வைக்க வேண்டும். ஒளிகிறவர்கள் தாங்களே வைத்துக்கொள்ளவும் முடியாது. என் முட்டையா தன்னைக் கல் என்று சொல்லிக்கொண்டது? இன்னொன்று. சும்மா இட்டுக்கட்டினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். கல் மாதிரி இருக்கிறது, அதனால்தான் கல் என்று சொன்னால் செல்லுகிறது. கொஞ்சமாவது நிஜம் வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர்கள் ஏன் என்று கேட்டுக் குரல் கொடுக்க வேண்டும். முகம் கோணி, 'எங்களுக்கு அது பேரில்லை' என்று நிஜப்பெயரைச் சொன்னார்களோ, அவர்களே தங்களைக் குடத்தில் போட்ட மாதிரி."

இருளாயி எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேற்கே நடந்தாள்.

உடையம்மை வாசலில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கெட்டியான பொம்பளை, நிமிர்ந்த நடை. செம்பவளம் உள்ளே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மதினி. வெயில்ல வந்திருக்கீகளே. மோரு குடிங்க."

மோர் என்ற சொல்லைக் கேட்டதும் இருளாயிக்கு வடக்கத்தி ஊர் ஞாபகம் வந்தது. நின்றபடியே நடந்ததெல்லாம் சொன்னாள். வடக்கத்தி ஊர் வெறிச்சோடிக் கிடக்கிற சேதி அங்கேயும் வந்திருந்தது. ஆனால் ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது.

"சரி, அதுக்கு என்ன செய்யணும்ங்கிறீக?"

"உங்க ஊருக்கு நான் ஒரு பேரு வைக்கணும் மதினி. குறையச் சொல்லி வைக்கணும். அந்தப் பேரச் சொல்லி அவ கூப்பிட்டா, நீங்க ஏன்னு கேக்கணும்."

"எங்க ஊர்ல என்ன குறை?"

சம்பந்தியின் முகத்துக்கு நேராக ஒரு குறை சொல்வது அந்தக் காலத்தில் யாரும் செய்யாத காரியம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"கல்யாணத்துக் குழம்புல உப்பு இல்ல."

தெருவில் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். உடையம்மையின் கையிலிருந்த மாவு கீழே சொட்டியது.

"அமிர்தம்னு சொன்னீக" என்றாள் மெல்ல. "ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டீக."

"ஆமா மதினி. முழுங்க முடியல."

"இத்தனை நாளு மனசுக்குள்ள வச்சிருந்தீகளா?"

"நான் மட்டுமா? ஊரே வச்சிருக்கு."

உடையம்மைக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க மாமனாருக்கு மாமனாரு காலத்துல வச்ச பேரு பொன்னிலந்தை. அந்தப் பேரோட செத்தாலும் சாவோமே ஒழிய, குழம்புச் சட்டியப் பேரா வச்சுக்கிட்டு வாழ மாட்டோம். உங்க மகளப் பாக்க வந்தீகன்னா பாத்துட்டுப் போங்க."

செம்பவளம் எழுந்து வந்தாள். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "அத்தை" என்றாள்.

"நீ உள்ள போ ஆத்தா. வெயில் ஏறுது."

வெயில் உண்மையாகவே ஏறியிருந்தது. முருங்கை மரத்து நிழல் அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டது. இனிப் பேச நேரமில்லை. இருளாயி மகளின் முகத்தை ஒரு தடவை தடவிவிட்டு, கண்மாய்க்கரைக்குத் திரும்பி ஓடினாள்.

அவள் போய் நிற்கவும் காற்று நிற்கவும் சரியாக இருந்தது. அந்தப் பொம்பளை கரைமேல் வந்துகொண்டிருந்தாள். குடம் நேற்றைவிடக் கனமாக இருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்த மாதிரி சாய்ந்திருந்தது. கிட்டே வரவர இரைச்சல் கேட்டது. சந்தையைத் தூரத்திலிருந்து கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. நடுவில் ஒரு குழந்தை அழுதது.

"வந்துட்டேன் தாயி. மேக்கே தெரியுதே, அது எந்த ஊரு?"

இலையை எடுத்தாள். குடத்தைச் சாய்த்தாள். இருளாயியின் வாய் வரைக்கும் பொன்னிலந்தை வந்துவிட்டது. அத்தனை வருசப் பழக்கம். பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள்.

"அதுவா? அது உப்பில்லாக் குழம்பு."

குடம் எதையும் பிடிக்கவில்லை. வந்தவள் அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

"அப்படி ஒரு ஊரா? யாரு இருக்கா அங்க?"

"உப்புப் போட மறந்தவுக. பந்தியே முழுங்க முடியாம முழுங்குச்சு."

அவள் இருளாயியை உற்றுப் பார்த்தாள். கண்ணில் விழி இருந்தது, ஆனால் எதிரில் நிற்கிற இருளாயியின் உருவம் அந்த விழியில் விழவில்லை. பிறகு பொட்டல் பக்கம் திரும்பினாள்.

"காவல்குருவி, நீ பொய் சொல்ல மாட்ட. அது என்ன ஊரு?"

கேட்டுக்கொண்டே நடந்து போய், முட்டைகளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள். குனிந்தாள். "இது என்ன?"

குருவி றெக்கையை விரித்தது. அது கத்தும் முன் இருளாயி முந்திக்கொண்டாள். "கல்லு தாயி. இந்தப் பொட்டல் முழுக்கக் கல்லுதான். கால்ல குத்திறப்போவுது, இங்கிட்டு வாங்க."

அவள் நகர்ந்தாள். குருவி இருளாயியைப் பார்த்தது. இருளாயி குருவியைப் பார்த்தாள்.

"சொல்லு குருவி. அது என்ன ஊரு?"

பொய் சொல்லிப் பழகாத குருவி வாயைத் திறந்தது. நிஜம் தொண்டைக்கு வந்தது. முழுங்கியது. மறுபடி வந்தது. மறுபடி முழுங்கியது. ஆரம்பிப்பதும் அடைத்துக்கொள்வதும், ஆரம்பிப்பதும் அடைத்துக்கொள்வதுமாகக் கத்திக்கொண்டே எழும்பி, வானத்தில் வட்டம் போட்டது. அந்த முழுங்கலில் அதன் பேச்சே உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு அது மனுசப் பேச்சுப் பேசவில்லை.

வந்தவள் பொன்னிலந்தையின் எல்லைக்குப் போனாள். இருளாயியும் பின்னாலேயே போய், கொஞ்சம் தள்ளிக் கைகூப்பி நின்றாள். ஊரே வாசலில் நின்றது. யாராலும் ஓட முடியவில்லை, கால் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. உடையம்மை மருமகளைத் தனக்குப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

எல்லையிலிருந்து கூப்பிடும் குரல் வந்தது. இதமான குரல்.

"உப்பில்லாக் குழம்பூ..."

தெருவில் ஆண்கள் முகம் இறுகியது. உடையம்மையின் தாடை துடித்தது. அவள் வாய் திறந்ததை இருளாயி தூரத்திலிருந்தே பார்த்தாள். "பொ" என்று உதடு குவிந்தது. மகளை இனிப் பார்க்க முடியாது என்று நினைத்தாள் இருளாயி.

அந்த நேரம் முதுகுக்குப் பின்னால் செம்பவளம் உடையம்மையின் முந்தானையை இழுத்தாள். அவள் கை மார்கழிப் பனி மாதிரி குளிர்ந்திருந்தது. உடையம்மை திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் கொடுத்தாள்.

"என்னா? யாருக்கு ஒரு கரண்டி வேணும்?"

எல்லையில் நின்றவள் அசையவில்லை.

"அந்தக் கம்மாய்சுத்திக அனுப்பி விட்டாகளா?" என்றாள் உடையம்மை. இப்போது குரல் இன்னும் ஏறியது. "கல்யாணத்துக்குப் பொறப்பட்டு, கம்மாயச் சுத்தி, அவுக வீட்டு வாசல்லயே போய் நின்னு, ஆட்டுக்கிட்டச் சீர் குடுத்தவுகளா எங்களப் பேசுறது?"

யாரோ ஒருவர் களுக்கென்றார். அதை அடக்கப் பார்த்து முடியாமல் பக்கத்தில் இருந்தவருக்கும் தொற்றியது. தெரு முழுக்கச் சிரித்தது. பயத்தோடு சிரித்த சிரிப்பு அது. சிலருக்குக் கண்ணில் தண்ணீர் ஓடியது. பூமியில் கேலிச் சிரிப்பு முதல் முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

வந்தவள் மெல்லத் திரும்பி, கண்மாய்க்கு அந்தப்பக்கம் தெரிந்த செங்குவளையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"கம்மாய்சுத்தீ..."

பதில் சொல்ல அங்கே செங்குவளை ஆள் என்று இருளாயி ஒருத்திதான் இருந்தாள். அன்று விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனவளும் அவள்தான். அந்த வெட்கத்தை அவள் ஒருவரிடமும் பேசியதில்லை. நினைத்தாலே காது மடல் சுடும். இப்போதும் சுட்டது. அதைத் துடைத்துப் போட்டுவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"இந்தா வர்றேன் தாயி. இன்னும் ஒரு சுத்துப் பாக்கி இருக்கு."

மறுபடி தெரு சிரித்தது. அப்போது குடத்துக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. ஒரே ஒரு குரல். உள்ளே இருந்த வடக்கத்தி ஊர்க்காரர் யாரோ. மூன்றாம் தடவை குழம்பு வாங்கியவராகக்கூட இருக்கலாம். அந்தப் பொம்பளை அவசரமாக இலையை அமுக்கிப் பிடித்தாள். சிரிப்பு அறுந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, வந்த வழியே நடந்தாள்.

"நில்லுங்க" என்று இருளாயி பின்னால் ஓடினாள். உள்ளே இருப்பவர்களைக் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அவர்கள் ஏன் என்று கேட்டால், வெளியே வந்துவிட மாட்டார்களா? நிஜப்பெயர் போய்விட்டது. ஒரு பட்டப்பெயராவது வேண்டும். அவர்களிடம் என்ன குறை? ஓடிக்கொண்டே யோசித்தாள். நல்லவர்கள், மோர் கொடுப்பார்கள், கடிந்து பேச மாட்டார்கள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அவ்வளவு வருசப் பழக்கத்தில் அவர்களுடைய ஒரு குறையைக்கூட யாரும் பார்த்து வைத்திருக்கவில்லை. மரியாதை, மரியாதை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்துவிட்டார்கள்.

பொழுது சாயத் தொடங்கியது. எல்லார் காலடியிலும் நிழல் வந்தது. கரைமேல் யாரும் இல்லை.

சில நாள் கழித்துச் செம்பவளத்துக்குப் பெண் பிறந்தது. பேத்தியைப் பார்க்க இருளாயி ஒரு கூடை நிறைய உப்பு கொண்டுபோனாள். உடையம்மை கூடையைப் பார்த்தாள், இருளாயியைப் பார்த்தாள். "வழி தெரிஞ்சு நேரா வந்துட்டீகளே மதினி" என்று கூடையை வாங்கி இறக்கினாள். பிறகு ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்கள்.

காவல்குருவிக்கும் இருளாயி ஒரு பெயர் வைத்தாள். ஆளைக் காட்டிக் கொடுக்கப் பார்த்தாயே என்று ஆட்காட்டி என்றாள். இப்போதும் பொட்டலில் மனுசரைப் பார்த்தால் அது எழும்பிக் கத்தும். ஏதோ சொல்ல வந்து, முழுங்கி, மறுபடி சொல்ல வருகிற மாதிரியே இருக்கும். முட்டையைக் கல்லுக்கு நடுவில்தான் இடும். மற்ற பறவையும் மிருகமும்கூட, பேசினால் யார் குடத்தில் எது விழுமோ என்று பயந்து ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டுவிட்டன.

கண்மாய் வற்றும் காலத்தில் ரெண்டு ஊர்ப் பிள்ளைகளும் அதன் தரையில் சடுகுடு விளையாடுவார்கள். ஆட்டம் தொடங்கும் முன்னால் இந்த அணி, "வாங்கடா உப்பில்லாக் குழம்பு" என்று கூப்பிடும். அந்த அணி, "வர்றோம்டா கம்மாய்சுத்தி" என்று சொல்லும். யாருக்கும் கோபம் வராது. சொல்லி முடித்ததும் எல்லாரும் வடக்கே திரும்பி, ஒரு மூச்சு விடும் நேரம் சத்தமில்லாமல் நிற்பார்கள். அங்கே மேடும் கருவேல மரமும்தான் இருக்கின்றன. உச்சி வெயிலில் நின்றால் தூரத்துச் சந்தை மாதிரி ஓர் இரைச்சல் கேட்கும் என்பார்கள். அதைக் கூப்பிட ஒரு பெயர் இல்லை.

அன்று முதல்தான், பெண் கொடுத்த ஊரும் பெண் எடுத்த ஊரும், எதிரும் புதிருமாக ஆடுகிற கூட்டமும், ஒருவர் குறையை ஒருவர் மறக்காமல் பார்த்து வைத்துக்கொண்டு பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடப்பட்டவர்களும் சிரித்துக்கொண்டே ஏன் என்று கேட்கிறார்கள்.